கொழும்பின் பொதுச் சேவை உரிமங்கள்: ஒப்பந்தமும் பிணையும் எவ்வளவு தூரம் காக்கும்?

ஒரே தெருவில் இரண்டு குடிநீர்க் குழாய்களைப் புதைப்பதும் இரண்டு மின்கம்பி வரிசைகளை இழுப்பதும் வீண்செலவு. அதனால்தான் குடிநீர், மின்சாரம், எரிவாயு, குப்பை அகற்றல் போன்ற சேவைகளை நகரங்கள் பெரும்பாலும் ஒருவரிடமே விடுகின்றன. விட்ட பிறகு அந்த ஒருவர் விலையை ஏற்றினால், வேலையைக் குறைத்தால், பாதியில் கைவிட்டால் நகரம் என்ன செய்யும் என்பது 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி.

இதற்கு நான்கு விடைகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. தவணை குறித்த உரிம ஒப்பந்தத்தைப் போட்டிக் கேள்விமனு மூலம் கொடுப்பது முதலாவது. அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் வங்கியின் செயலாற்றுகைப் பிணையை நிறுத்துவது இரண்டாவது. சேவையை நகரமோ அரசோ தானே ஏற்று நடத்துவது மூன்றாவது. உரிமம் பெற்றவரைச் சுதந்திரமான ஆணைக்குழு ஒன்றின் கண்காணிப்பில் வைப்பது நான்காவது. கொழும்பு இந்த நான்கையும் வெவ்வேறு காலங்களில் முயன்றிருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு வீட்டுக்கு இன்று வந்து போகும் சேவைகளே அதற்குச் சாட்சி. மின்சாரமும் குடிநீரும் அரச நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. எரிவாயு, சிலிண்டர் கம்பனிகளிடமிருந்து வருகிறது. குப்பையை மாநகர சபையோ அதன் ஒப்பந்தக்காரரோ எடுத்துச் செல்கிறார்கள். கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள குழாய்கள் வழியே கடலுக்குப் போகிறது.

தனியுரிமைக் கம்பனிகளின் காலம்

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவானது. அடுத்த பத்தாண்டிலேயே கொழும்பு எரிவாயு, நீர்க் கம்பனி நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்க வந்துவிட்டது. புறக்கோட்டையில் கேஸ்வேர்க்ஸ் என்ற பெயர் தாங்கிய தெரு அந்தக் காலத்தின் எச்சம். மின்சாரமும் தனியார் வழியேதான் வந்தது. 1895இல் பௌஸ்டெட் சகோதரர்களின் நிறுவனம் கோட்டைப் பகுதியில் மின் வழங்கத் தொடங்கியது. பின்னர், 1902இல், கொழும்பு மின் ட்ராம், ஒளியூட்டல் கம்பனி தோன்றியது. கோட்டையிலிருந்து பொரளைக்கும், கொட்டாஞ்சேனையை ஒட்டிய கிராண்ட்பாஸுக்கும் ட்ராம் ஓடியது.

இத்தகைய உரிமங்களுக்கு முன்மாதிரி பிரித்தானியச் சட்டங்கள். அங்கே 1870ஆம் ஆண்டின் ட்ராம்வேச் சட்டம், 21 ஆண்டுகள் கழிந்தபின் உள்ளூராட்சி மன்றம் பாதையைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ள வழி செய்தது. 1882ஆம் ஆண்டின் மின் ஒளியூட்டல் சட்டமும் 21 ஆண்டுகளையே குறித்தது. அந்தத் தவணையில் முதலிட ஆளில்லை என்ற முறைப்பாடு எழுந்ததால் 1888இல் அது 42 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. தவணை குறுகினால் முதலீடு வராது, நீண்டால் பிடி தளரும். இந்தச் சிக்கல் இன்றைய ஒப்பந்தங்களிலும் அப்படியே இருக்கிறது. உரிமத்தின் கடைசி ஆண்டுகளில் கம்பனி புதிதாக எதிலும் பணம் போட விரும்பாது என்பதும் அன்றே தெரிந்திருந்தது.

ட்ராம் விடயத்தில் வேறொரு பலவீனமும் வெளிப்பட்டது. 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்த ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் மருதானையில் பொலிஸ் துப்பாக்கிச்சூடு வரை போனது. கம்பனிக்கும் நகரத்துக்கும் இடையிலான உடன்படிக்கை, கம்பனிக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அந்த உறவு முறிந்தால் நிற்பது நகரத்தின் வண்டிதான். இதை எந்த உரிமத்தின் வாசகமும் முழுமையாகத் தீர்த்ததாகத் தெரியவில்லை.

முடிவில் கொழும்பு மூன்றாவது விடைக்குப் போனது. 1927இல் அரச மின்சாரத் திணைக்களம் உருவாகி, மின் வழங்கல் கம்பனியிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. ட்ராம் சேவையை 1944இல் மாநகர சபை ஏற்றது. 1953இல் அதன் இடத்துக்கு ட்ரொலி பஸ்கள் வந்தன, 1964இல் அவையும் நின்றன. பொது உடைமையாக்கினால் முதலீடு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த வரலாறு பெரிய ஆதரவு தரவில்லை. குடிநீரில் நிலைமை மாறானது. 1886இல் தொடங்கிய லபுகம நீர்த்தேக்கத் திட்டம் ஆரம்பத்திலிருந்தே பொதுப் பணத்தில் எழுந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அது நகரத்துக்குத் தண்ணீர் தருகிறது.

ஏலத்தை நம்பியவர்களும் ஐயுற்றவர்களும்

சந்தைக்குள் போட்டி இல்லையென்றால் சந்தைக்காகப் போட்டி வைக்கலாம் என்று 1859இல் எழுதியவர் எட்வின் சாட்விக். யார் குறைந்த விலைக்குச் சேவை தர ஒப்புகிறாரோ அவருக்குக் குறித்த காலத்துக்குத் தனியுரிமை என்பது அவரது யோசனை. 1968இல் ஹரோல்ட் டெம்செட்ஸ் இதைக் கூர்மையாக்கினார். ஏலம் நேர்மையாக நடந்தால் கட்டணம் நிர்ணயிக்கும் ஆணைக்குழுவே தேவையில்லை என்பது வரை அவர் வாதம் போனது.

மிக வலுவான மறுப்பு 1976இல் ஒலிவர் வில்லியம்சனிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 1970இல் கேபிள் தொலைக்காட்சி உரிமத்தைப் போட்டியில் கொடுத்த கதையை அவர் ஆதாரமாக எடுத்தார். குறைந்த விலை சொன்னவர் வென்றார். பின்னர் வேலை தாமதமாயிற்று, செலவு ஏறிற்று, நிபந்தனைகளைத் தளர்த்தும்படி கோரிக்கை வந்தது. நகரம் உரிமத்தை ரத்துச் செய்யாமல் இறங்கிப்போனது. கம்பி இழுத்து முடிந்தபின் மாற்று ஆளைத் தேடுவது, இருப்பவரோடு சமரசம் செய்வதைவிடச் செலவானது என்பதே காரணம். ஏல நாளில் பலர் நிற்கிறார்கள், மறுநாள் காலை நகரத்தின் முன் ஒருவரே நிற்கிறார்.

இது ஓர் ஊரின் கதை மட்டும்தானா என்ற சந்தேகத்துக்கு 2004இல் விரிவான விடை கிடைத்தது. லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியனிலும் 1985 முதல் 2000 வரை வழங்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிம ஒப்பந்தங்களை உலக வங்கிக்காக ஆராய்ந்தார் ஹோசே லூயிஸ் குவாஷ். ஏறத்தாழ 30 சதவீதம் மறுபேச்சுக்குப் போயிருந்தன. குடிநீர் ஒப்பந்தங்களில் அது சுமார் 74 சதவீதம். அதுவும் பெரும்பாலும் கையெழுத்தாகி இரண்டு ஆண்டுகள் கூட ஆகாத நிலையில். எல்லா மறுபேச்சும் மோசடி அல்ல. 25 ஆண்டுகளை முன்கூட்டி எழுதிவிட எவராலும் முடியாது. ஆனால் குறைந்த விலை சொல்லி உள்ளே வந்து பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பு ஏலத்தையே பழுதாக்கிவிடும் என்ற வில்லியம்சனின் அச்சம் வெறும் கற்பனையல்ல என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

சிலிண்டரும் சர்வதேச அழைப்பும்

1990களில் இலங்கை மீண்டும் தனியுரிமைக்குத் திரும்பியது. 1995இல் கொழும்பு எரிவாயுக் கம்பனியின் 51 சதவீதப் பங்குகள் 37 மில்லியன் டொலருக்கு ஷெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கூடவே திரவ பெற்றோலிய எரிவாயு வழங்கலில் ஐந்தாண்டுத் தனியுரிமையும் கொடுக்கப்பட்டது. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்குகளை ஜப்பானின் என்ரிரி வாங்கியது. வெளிநாட்டு அழைப்புகளில் ரெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002 வரை தொடர்ந்தது.

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும் விளைவுகள் வேறு. தொலைபேசியில் உள்நாட்டுச் சேவைக்கு 1996இலேயே சன்ரெல், லங்கா பெல் என்ற இரு போட்டியாளர்கள் வந்திருந்தனர். ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒன்றும் இருந்தது. இணைப்புக்காகக் காத்திருந்தோர் பட்டியல் குறைந்தது. அந்த விரிவாக்கத்துக்கான பணத்தின் ஒரு பங்கு சர்வதேச அழைப்புகளின் உயர்ந்த கட்டணத்திலிருந்து வந்தது என்று கருத இடமுண்டு. அப்படியானால் பிள்ளைகளும் சகோதரர்களும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, காலி வீதியின் ஐடிடி கடைகளில் நிமிடக் கணக்கில் பேசிய வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்கள் நாட்டின் புதிய இணைப்புகளுக்காகக் கணிசமான பங்கைச் செலுத்தியிருக்கின்றன. உரிம ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட மறைமுகச் சுமைப் பகிர்வு எங்கும் எழுதப்படுவதில்லை. அது விவாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எரிவாயுவில் நிலைமை கடினமாக இருந்தது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் பிறந்தது, 1995இல் அப்படியொன்று இல்லை. முதலில் தனியுரிமை, பிறகு கண்காணிப்பு என்ற தலைகீழ் வரிசை நுகர்வோரைப் பாதுகாப்பின்றி விட்டது. 2010இல் அரசு ஷெல்லின் பங்குகளை சுமார் 63 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது. லிட்ரோ என்ற பெயர் அப்போது வந்தது. ஆனால் உடைமை மாறியதால் சிக்கல் தீரவில்லை. 2021இன் இறுதியில் சிலிண்டர் தொடர்பான வெடிப்புகளும், 2022இல் தெருக்களை நிறைத்த எரிவாயு வரிசைகளும் அரச உடைமையின் கீழேயே நிகழ்ந்தன.

குடிநீரில் தனியார் பங்களிப்புக்கான முயற்சி சட்டத்தின் வாசலிலேயே நின்றது. களுத்துறையிலிருந்து காலி வரையான கரையோரமும் நீர்கொழும்புப் பகுதியும் அதற்காகக் கருதப்பட்டிருந்தன. 2003இல் முன்வைக்கப்பட்ட நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலத்தை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் அதோடு நின்றுபோனது.

பிணை எப்படி இயங்குகிறது

உரிம ஒப்பந்தம் வாக்குறுதி. செயலாற்றுகைப் பிணை அந்த வாக்குறுதிக்குப் பின்னால் நிற்கும் மூன்றாம் ஆளின் பணம். கேள்விமனுவில் வென்றவர், ஒப்பந்தத் தொகையில் குறித்த பங்குக்கு, வழக்கமாக 5 முதல் 10 சதவீதத்துக்கு, வங்கியிடமிருந்தோ காப்புறுதி நிறுவனத்திடமிருந்தோ பிணைமுறி பெற்றுக் கொடுக்கிறார். அவர் தவறினால் சபை வங்கியிடம் பணத்தைக் கோரலாம். வங்கி அதைப் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அறவிடும். பிணைக்கான கட்டணமும் முடங்கும் கடன் வசதியும் கேட்கும் விலைக்குள் ஏறிவிடுகின்றன. ஆகவே பிணைக்கான செலவை இறுதியில் நகரவாசியே கொடுக்கிறார். சிறிய ஒப்பந்தக்காரர்கள் போட்டியிலிருந்து விலகவும் அதுவே காரணமாகலாம்.

பிணையில் இரு மரபுகள் உண்டு. அமெரிக்காவில், 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டத்தோடு வேரூன்றிய முறையில், பிணை நிறுவனம் முதலில் தவறு நடந்ததா என்று விசாரிக்கும். நடந்திருந்தால் பணம் கொடுக்கலாம், அல்லது வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்துக் கொடுக்கலாம். பிரித்தானிய வங்கி மரபிலோ கோரியவுடன் பணம், நிரூபணம் தேவையில்லை. லிபியாவில் பசுமைக் கூடங்கள் அமைக்க ஒப்பந்தமாகியிருந்த எட்வர்ட் ஓவன் நிறுவனம் பார்க்ளேஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், வெளிப்படையான மோசடி இருந்தாலன்றி வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் நடைமுறை பெரும்பாலும் இரண்டாவது மரபையே பின்பற்றுகிறது. ஒப்பந்தக்காரர் இடைக்காலத் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போவதும் வழக்கம். ஆனால் மோசடியை நிரூபிப்பது எளிதல்ல.

நகரச் சேவைக்கு எது பொருத்தம் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. கோரியவுடன் கிடைக்கும் பணம் விரைவானது, ஆனால் பணம் தெருவைக் கூட்டாது. வேலையை முடித்துத் தரும் பிணை சேவையைக் காக்கும், ஆனால் விசாரணை முடியும்வரை குப்பை காத்திருக்காது. கொழும்பு போன்ற நகரத்துக்கு விரைவான பணமே ஓரளவு மேல் என்று சொல்லலாம், அதைக் கொண்டு மறுநாளே ஆட்களையும் லொறிகளையும் அமர்த்தச் சபைக்கு வழி இருந்தால் மட்டும்.

பிணை கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் மணிலா. 1997இல் அந்நகரின் குடிநீர் சேவை இரண்டாகப் பிரித்து உரிமமாக்கப்பட்டது. மேற்கு வலயத்தைப் பெற்ற மைனிலாட், பழைய அரச நிறுவனத்தின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியையும் ஏற்றது. ஆசிய நிதி நெருக்கடியில் பெசோ சரிந்தபோது அந்தக் கடன் வீங்கியது. அதன் செயலாற்றுகைப் பிணை 120 மில்லியன் டொலர். 2002 இறுதியில் கம்பனி உடன்படிக்கையை முடித்துக்கொள்ள அறிவித்தது, அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் மறுவாழ்வுப் பாதுகாப்புக் கோரியது. அந்தப் பாதுகாப்பு பிணை கொடுத்த வங்கிகளைச் சாராது, அரச நிறுவனம் சுமார் 98.9 மில்லியன் டொலரைக் கோரலாம் என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. சட்டப்படி பிணை வென்றது. ஆனால் குழாயில் தண்ணீர் தொடர்ந்து வர, அரசே கம்பனியின் பெரும்பங்கை ஏற்றுச் சில காலம் தாங்கி, பிறகு புதிதாகக் கேள்விமனு கோரி வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பிணை வாங்கிக் கொடுத்தது காலம். அந்தக் காலத்தில் செயற்படக்கூடிய அரச அமைப்பு ஒன்று இருந்ததால் அது பயன்பட்டது.

குப்பை: அளப்பதும் அளக்காததும்

மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி குப்பை அகற்றுவது சபையின் கடமை. ஒப்பந்தத்துக்கு விட்டாலும் கடமை சபையிடமே இருக்கிறது. கொழும்பில் சேகரிப்பின் ஒரு பகுதி தனியாருக்கு விடப்பட்டபோது, எல்லோரும் பேசியது சேகரிப்பைப் பற்றி. கொட்டும் இடத்தைப் பற்றி ஒப்பந்தங்கள் சொல்லக்கூடியது குறைவு.

கொட்டாஞ்சேனையின் ஓரத்தில் புளூமெண்டல் மேடு வளர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டை அடுத்து 2009இல் அங்கே கொட்டுவது நின்றது. குப்பை கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லவுக்குப் போனது. அங்கே 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் உயிரிழந்தனர். தெருவிலிருந்து குப்பை ஒழுங்காக எடுக்கப்பட்டது என்ற அளவில் ஒரு சேகரிப்பு ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறியிருந்தாலும், அது போய்ச் சேர்ந்த இடத்தில் இவ்வளவு பேர் சாக முடியும். எந்தப் பிணையும் இதைத் தொட்டிருக்காது. பிணை, அளந்து எழுதியதை மட்டுமே காக்கும். தொன் கணக்கில் பணம் கொடுத்தால் தொன் கூடும். வீடு வீடாக எடுத்தாரா, தரம் பிரித்தாரா, ஒழுங்கைக்குள் போனாரா என்பதற்கு வேறு அளவைகள் வேண்டும், அளக்க ஆட்களும் வேண்டும். லொறி நுழைய முடியாத தோட்டக் குடியிருப்புகள் நெருங்கிய வடகொழும்பில் இது சின்ன விடயம் அல்ல.

2021இல் கெரவலப்பிட்டியவில் 10 மெகாவாற் கழிவு மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கடப்பாடு மறுபக்கமும் திரும்பியது. இப்படிப்பட்ட ஆலைக்கு நாள்தோறும் எரிக்கக் குப்பை தேவை. ஆகவே நகரம் வழங்கல் பொறுப்பை ஏற்கிறது. நீண்டகாலத்துக்கு அப்படி வாக்களித்த நகரம், குப்பையைக் குறைக்கவும் உரமாக்கவும் தயங்குமோ என்ற கேள்வி உலகெங்கும் எழுப்பப்படுகிறது. ஈரம் மிகுந்த சமையலறைக் கழிவே பெரும்பகுதியான கொழும்பில் அது இன்னும் கூர்மையானது.

சென்னை வேறொரு வழியைக் காட்டியது. 2000 முதல் 2007 வரை ஓனிக்ஸ் நிறுவனம் அப்போதைய பத்து மண்டலங்களில் மூன்றைக் கவனித்தது, மற்றவற்றில் மாநகராட்சித் தொழிலாளரே பணியாற்றினர். அதனால் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைத்தது, மாற்று ஆளும் இருந்தது. இலங்கை மின்சாரத்திலும் இதற்கு இணை உண்டு. 1983இல் உருவான லெகோ கம்பனி கோட்டே, நுகேகொடை போன்ற புறநகர்களிலும், மின்சார சபை கொழும்பு நகரத்திலும் விநியோகம் செய்வதால் ஒன்றின் இழப்பை மற்றதோடு ஒப்பிட முடிகிறது. சேவை தருபவர் ஒருவரே ஆனாலும், அயலில் இன்னொருவர் இருப்பது ஆணைக்குழுவுக்குப் பெரிய உதவி.

2022 காட்டியது

2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவானது. டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவரை ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் அந்த செப்டெம்பரில் 69.8 சதவீதம். இத்தகைய காலத்தில் 10 சதவீதப் பிணையின் கணக்கு தலைகீழாகிறது. பழைய விலைக்கு லொறி ஓட்டி நட்டப்படுவதைவிடப் பிணையை இழந்து விலகுவது மலிவு. ரூபாவில் எழுதிய பிணையின் பெறுமதியும் உருகியிருக்கும். பிணையைப் பெருக்கினால் நல்ல நிறுவனமே முறியும். எனவே விலைமாற்றச் சூத்திரம் இல்லாத பிணை சாதாரண காலத்துக்கு மட்டுமானது என்றே கொள்ள வேண்டும். சூத்திரம் எழுதினாலோ, செலவைக் குறைக்கும் முனைப்பு குறையும். எந்த அளவு ஏற்றத்தை யார் தாங்குவது என்பது ஒப்பந்தம் எழுதும் மேசையில் முடிவாக வேண்டிய அரசியல் கேள்வி. இலங்கையில் அது பெரும்பாலும் பொறியியலாளருக்கும் கணக்காளருக்கும் விடப்படுகிறது.

தீராதவை

மறுநாள் காலை வேறு வழி இல்லாத சபைக்குப் பிணைமுறி பெரும்பாலும் பெட்டிக்குள் பூட்டிய காகிதமே. இதற்கான சான்றுகள் வலுவானவை. ஆனால் சபை எவ்வளவு சொந்தத் திறனை வைத்திருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. பத்தில் மூன்றா, பாதியா என்பது நகரத்தின் நிதிநிலையையும் பொறுத்தது.

பிணையைக் கோரும் முடிவை யார் எடுப்பது என்பதும் திறந்தே இருக்கிறது. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை கொழும்பில் தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. அதிகாரிகள் மட்டும் நடத்தும் நகரத்தில் ஒரு கடுமையான நடவடிக்கைக்குப் பொறுப்புச் சொல்ல யாருமில்லை. தெரிவானவர்கள் நடத்தும் நகரத்தில் கட்சி உறவுகள் குறுக்கிடலாம். ஒப்பந்தங்களையும் பிணை நிலவரத்தையும் வெளியிட்டு வைப்பது இரு ஆபத்துகளையும் குறைக்கும் என நம்ப இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றைக் கோர முடியும். கேட்காமலே வெளியிடும் பழக்கம் இன்னும் வரவில்லை.

மின்சாரத்தில் புதிய சோதனை தொடங்கியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் வந்த திருத்தமும் மின்சார சபையை அரச உடைமையிலேயே பல கம்பனிகளாகப் பிரிக்க வகை செய்கின்றன. உரிமம் உண்டு, ஆணைக்குழு உண்டு. ஆனால் அரச கம்பனி தவறினால் தண்டப்பணம் அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும், அல்லது கட்டணத்தில் ஏறும். பிணை தரும் அழுத்தத்துக்கு இங்கே மாற்று என்ன என்பதைச் சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

மிகக் கடினமானது கழிவுநீர். வெள்ளவத்தைக் கடல்வாய்க் குழாயையும் அதற்கு முந்திய நிலத்தடிக் குழாய்களையும் ஒருநாள் உரிமத்துக்கு விட யோசித்தால், முதலில் அவற்றின் இன்றைய நிலையை யாராவது அளந்து எழுத வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் கேள்விமனு கோரினால், முதல் அடைப்பிலேயே அது பழைய பழுதா புதிய அலட்சியமா என்ற வழக்கு தொடங்கும், பிணையும் அந்த வழக்கோடு காத்திருக்கும். பட்டியலைத் தயாரிக்கும் செலவை யார் ஏற்பது, மாநகர சபையா திறைசேரியா, என்பது இன்னும் முடிவாகவில்லை.